பச்சைக் கார் வாங்கினோம், பழைய காரின் புகை எங்கள் பெயரில்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் பொலிஸிலிருந்து இவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இவர் என்றால் என் கணவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், பன்னிரண்டு வருடமாகக் கண்டியில் அரசாங்க உத்தியோகம். "உங்கள் பெயரில் உள்ள டீசல் கார் நுவரெலியா வீதியில் இரண்டு நாள் ஆளில்லாமல் நின்றிருக்கிறது. இப்போது அது யாரிடம்? திங்கட்கிழமை வந்து சொல்லுங்கள்." அவ்வளவுதான் பேச்சு. இது 2008, போர் நடக்கும் காலம். ஆளில்லாமல் நிற்கும் வாகனம் என்றால் என்ன நினைப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. 

அந்தக் காரை நாங்கள் விற்றுப் பத்து மாதம். விற்கவைத்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், சூழல் கழகத்துக்கும் நானே பொறுப்பு. மரம் நடச் சொல்லிவிட்டுக் கரும்புகைக் காரில் ஏறிப் போக வெட்கமாக இருந்தது. பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஜப்பான் கார் ஒன்று, 'பச்சைக் கார்' என்பார்களே அது, வாங்கினோம். பழையதை 'ஓப்பன் பேப்பரில்' புரோக்கரிடம் தள்ளிவிட்டோம். வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: விற்பவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். கார் கைமாறிக் கைமாறிப் போகும், பதிவுப் புத்தகத்தில் மட்டும் பழைய ஆளே இருப்பார். ஊரெல்லாம் செய்வதுதான், நாங்களும் செய்தோம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருப்பவர் செய்யக்கூடாத வேலை அது. புத்தி பிறகுதானே வருகிறது!

காரைத் தேடிப் பிடித்து, இப்போதைய சொந்தக்காரரின் கையெழுத்தை வாங்கவேண்டும். கையில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புரோக்கருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "புசல்லாவைப் பக்கம் வாடகைக்கு ஓடுது."

காலை 6.40க்குப் புறப்பட்டோம். எங்கள் வீட்டுப் படலையிலிருந்து புசல்லாவைச் சந்தி 41 கிலோமீற்றர். பேராதனை வரை வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கம்பளையில் இரண்டு பிளேன்டீ, நாலு ரொட்டி, எண்பது ரூபாய். நான் ரொட்டியைத் தொடவில்லை. இவர் மட்டும் நாலு ரொட்டியையும் சாப்பிட்டார். பயம் வந்தால் இவருக்குப் பசிக்கும்.

கம்பளை தாண்டியதும் சோதனைச்சாவடி. மணி 7.50. "எஞ்சின் ஒஃப் கரன்ன" என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார் இளம் சிப்பாய். கார் நின்ற உடனேயே எஞ்சின் தானாக அடங்கியிருந்தது. சத்தமே இல்லையே, நிறுத்தியாயிற்று என்று இவர் நினைத்துவிட்டார். நிறுத்தும் பொத்தானை அமத்தவில்லை. இரண்டு பேரும் இறங்கி அடையாள அட்டைகளைக் கொடுத்தோம். பிறந்த இடத்தை வாசித்துவிட்டுச் சிப்பாய் இவரை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறக்கக் குனிந்தார். கண்ணாடியில் பனி படியாமலிருக்க நாங்கள் ஏ.சி. போட்டிருந்தோம். பற்றரி இறங்கியிருக்கவேண்டும். உள்ளே ஒருவரும் இல்லாத காரில் எஞ்சின் தானாக உறுமிக்கொண்டு எழும்பியது.

சிப்பாய் பின்னுக்குத் துள்ளினார். துவக்கு இவருடைய நெஞ்சுக்கு நேரே நின்றது. ஐயோ, அந்த ஒரு நிமிடத்தை எந்த எதிரிக்கும் கேட்கமாட்டேன். இவர் கையை உயர்த்தியபடி சிங்களத்தில் "பற்றரி, பற்றரி" என்றார். குண்டு தேடுகிறவரிடம் சொல்லக்கூடாத சொல் அதுதான். பின் ஆசனத்தைக் கழற்றினார்கள். ஆசனத்துக்குப் பின்னால் பெரிய பெட்டி, அதிலிருந்து தடித்த செம்மஞ்சள் வயர்கள். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் வீதியோரத்தில் நின்றோம். பிறகு வந்த சார்ஜன்ட் இந்த மாதிரிக் காரை முன்பே பார்த்தவர். சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இஞ்சாருங்கோ, பழைய காரெண்டால் எஞ்சின் நிண்டால் நிண்டதுதானே" என்றேன்.

"நீர்தானே பச்சைக் கார் வேணுமெண்டு நிண்டனீர். இப்ப கதையாமல் வாரும்."

புசல்லாவைத் தேநீர்க் கடையில் கார் நம்பரைச் சொன்னவுடனேயே "அது நம்ம செல்வராஜ் அண்ணனோட வண்டி" என்று மேலே கையைக் காட்டினார்கள். சந்தியிலிருந்து தோட்டத்து வீதியில் மூன்று கிலோமீற்றர். எங்கள் கார் உயரம் குறைந்தது, அதன் வயிறு கல்லில் உரசியது. கடைசிக் கிலோமீற்றரை நடந்தோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே எங்கள் பழைய கார் கழுவித் துடைத்து நின்றது. எங்களிடம் இருந்தபோது அது அவ்வளவு துப்புரவாக இருந்ததே இல்லை.

செல்வராஜுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"ஃபேன் பெல்ட் அந்துபோச்சு சார். கம்பளையில சாமான் இல்ல. கண்டியிலருந்து வர ரெண்டு நாளாச்சு. அதான் ரோட்டோரமா நிப்பாட்டிட்டு வந்தேன். அது தப்பா சார்?"

"ஏன் உங்கட பேருக்கு மாத்தேல்லை?" என்று இவர் கேட்டார்.

"அதுக்குக் கொழும்புக்கில்ல போகணும். லொட்ஜில தங்குனா புடிச்சிக்கிட்டுப் போறாங்கன்னு சொல்றாங்க. யாரு போவா?"

எங்களுக்கும் அதே பயம்தான். அதனால்தான் நாங்களும் பெயர் மாற்றப் போகவில்லை.

கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன். "ஒரு நாளைக்கு நாலு தடவ கம்பளைக்குப் போய் வருது மிஸ். ஆஸ்பத்திரிக்குத்தான் கூட. இந்த வருசம் இதுலயே ரெண்டு புள்ள பொறந்துருச்சு." எங்களிடம் அது ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியது. இப்போது நூற்றைம்பதைத் தாண்டுகிறது. புகையை ஒழித்தேன் என்று கழகத்துப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்ட நான், அதைப் பத்து மடங்காக்கி மலைக்கு அனுப்பியிருக்கிறேன். அது போதாதென்று ஜப்பானிலிருந்து கப்பலில் இன்னொரு காரையும் வரவழைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் புகையை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது? பிள்ளை பெறப் போகிறவள் நடந்தா போவாள்?

படிவத்தைக் காரின் மூடியில் விரித்தோம். செல்வராஜ் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கையெழுத்துப் போட்டா அடுத்த பொலிஸ் கோல் எனக்குத்தானே சார் வரும்?"

இவர் "ஓம்" என்றார்.

செல்வராஜ் கையெழுத்துப் போட்டார். தேநீர் தந்தார், குடித்தோம். திரும்பும்போது சாவடியில் இவர் பொத்தானை அமத்தி, சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஐந்து நிமிடத்தில் விட்டார்கள். பிற்பகல் 1.40க்கு வீடு. லீற்றருக்கு 22 கிலோமீற்றர் என்று காரின் திரை பெருமையாகக் காட்டியது. அதன்மேல் என் கைலேஞ்சியைப் போட்டு மூடினேன்.

இந்தப் பக்கம் இப்படியான காரில் வருகிறவர்களுக்குச் சில சொல்லவேண்டும். சாவடியில் பொத்தானை அமத்துங்கள், சத்தமில்லை என்று நம்பாதீர்கள். ஆசனத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் எழுதி வைத்திருங்கள். தோட்டத்து வீதிக்கு உயரம் குறைந்த கார் சரிவராது. பச்சைக் கார் வாங்கலாமா என்று கேட்டு எழுதியவர்களுக்கு: வாங்குங்கள், ஆனால் பழையது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பெயரை அன்றைக்கே மாற்றுங்கள்.

திங்கட்கிழமை பொலிஸில் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இவர் செல்வராஜின் பெயரையும் விலாசத்தையும் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். பின்னேரமே செல்வராஜ் தொலைபேசியில் எடுத்தார். "சார், நாளைக்கு என்னய பொலிஸுக்கு வரச் சொல்லிருக்காங்க."

இவர் லீவு போட்டார். இன்று காலை எட்டு மணிக்குப் பழைய கார் வாசலுக்கு வந்தது. இவர் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். "நானும் கூட வாறன், பயப்பிடாதேயும்" என்று செல்வராஜிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பத்தரைக்கு வந்துவிடுவோம் என்றார்கள். நான் இதை எழுதத் தொடங்கியபோது பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்கும் இல்லை. புதிய கார் வாசலில் நிற்கிறது, அது வந்தாலும் போனாலும் தெரியாது. பழையது கீழ் வளைவில் ஏறும்போதே குசினிக்குக் கேட்கும். பத்து வருடம் காதைப் பொத்திக்கொண்ட அந்தச் சத்தத்துக்கு இன்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

1.05க்குக் கேட்டது. வாசலில் நின்றும் அது உறுமிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் இறங்கினார்கள். குசினிக்குள் கரும்புகை வந்தது. நான் யன்னலைச் சாத்தவில்லை.