குதிரை உங்களைக் கைவிட்டார்

அந்த ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பதற்குக் காரணம் பல்லக்கா. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்ப, அதை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவள் மூத்த கை. பல் செய்கிற அக்கா, ஆகவே பல்லக்கா. மெழுகை உருக்குவாள், பல்லை வரிசையாகப் பதிப்பாள், கடி சரியாக விழுகிறதா என்று மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கடகடவென்று அடித்துப் பார்ப்பாள். அலமாரி நிறைய பிளாஸ்டர் வாய்கள் அவளைப் பார்த்துப் பிளந்துகொண்டிருக்கும். அத்தனை வாய் இருந்து என்ன பயன்? அவள் மனம் ஏங்கிய ஒரே ஒரு வாய் அவளோடு பேசவில்லை.

அந்த வாய் பேருந்து நிலையத்தில் இருந்தது. கணவரின் ஒரே தங்கை, பல்லக்காவின் நாத்தனார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் செய்கிறவள். மாலையில் வேலை முடிந்து பல்லக்கா பேருந்துக்கு நிற்கும்போது, தலைக்கு மேல் தொங்கும் ஒலிபெருக்கியிலிருந்து தேனாக ஒழுகும்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." முன்பின் தெரியாத மூட்டைமுடிச்சுக்காரர்களுக்கெல்லாம் கனிவு! சொந்த அண்ணிக்கு மட்டும் இரண்டு வருடமாக ஒரு சொல் கிடையாது. கல்லும் கரைந்துவிடும். பல்லக்கா கல்லல்ல; ஆகையால் தினமும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் கொஞ்சம் கரைவாள்.

இப்படி இரண்டு உயிர்களைப் பிரித்தது எது? சொத்தா? நகையா? இல்லை. ஒரு டிராகன்.

நாத்தனாரின் கணவன் ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன், வேறு ஊரில் வேறு வீட்டில் குடியேறிவிட்டான். அன்றிலிருந்து உறவும் தெருவும் அவளைப் பற்றிப் பேசும்போது ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள். "புருஷன் கைவிட்டுட்டான்." துணிக்கடையில், மருந்துக்கடையில், பக்கத்து வீட்டுச் சன்னலில், எங்கும் அதே சொல். அது காதில் விழாத இடம் அண்ணன் வீடு மட்டுந்தான். வேலை முடிந்ததும் நேரே அங்கே வருவாள். அண்ணியும் நாத்தனாரும் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஆளுக்கொரு போனில் ஏதாவது விளையாடுவார்கள்.

அப்போதுதான் 'ஏழுகோட்டை' வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் வேட விளையாட்டு. பிடித்த வேடத்தைப் பூண்டு, வாளெடுத்து, கோட்டை பிடிக்கலாம். அதுவும் முழுக்க முழுக்கத் தமிழில்! இருவரும் மாதக்கணக்கில் தவம் கிடந்தார்கள். வெளியாகும் நாளில் இருவரும் விடுப்பு எடுத்தார்கள். நாத்தனார் தொண்டை கட்டிவிட்டது என்றாள். பல்லக்கா யோசிக்காமல் பல்வலி என்று சொல்லித் தொலைத்தாள். பல் கூடத்தில்! "அதுக்கென்ன, இங்கேயே உக்காரு, பார்த்துடலாம்" என்று முதலாளி கையுறையை மாட்ட, அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டாள்.

ஆனால் ஐயோ, அந்த விளையாட்டு வெளியான கோலத்தை என்னவென்று சொல்வது! பெயரை அடித்தால் முதல் மூன்று எழுத்தோடு நறுக்கிவிட்டது. 'குதிரைவீராங்கனை' என்று ஆசை ஆசையாக அடித்த பல்லக்கா வெறும் 'குதிரை' ஆனாள். 'இடிமுழக்கம்' என்று அடித்த நாத்தனார் 'இடிமு' ஆனாள். கடையில் வாள் விற்றார்கள். மேலே 'மாய வாளி' என்று எழுதியிருந்தது. அரசர் தர்பாருக்கு வந்தார். தாடி முன்னால் வந்தது, அரசர் பிறகு வந்தார். தரை ஆங்காங்கே இல்லை. நடந்துகொண்டிருந்த வீரர்கள் பொத்தென்று பூமிக்குள் போனார்கள்.

எட்டிப் பார்த்த பல்லக்காவின் கணவர், வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவர், தலையில் அடித்துக்கொண்டார். "இது எவன் போட்ட தரை? அடியில கலவையே வைக்கலை போல."

"சும்மா இருங்க. நாங்க டிராகனைப் பார்க்கப் போறோம்."

"பார்த்துப் போங்க. டிராகனுக்கு முன்னாடி தரை இருக்குதான்னு பாருங்க."

அன்று நாத்தனார் தன் வீட்டிலிருந்து ஆடினாள். வாளியை ஏந்திக் குதிரை முன்னே போக, இடிமு பின்னே வில்லோடு பதுங்கி வர, இருவரும் குகைக்குள் நுழைந்தார்கள். டிராகன் எழுந்தது. மூக்கிலிருந்து புகை வந்தது. "அண்ணி, நீங்க முன்னாடியே நில்லுங்க, நான் அடிக்கிறேன்" என்று போனுக்குள்ளிருந்து குரல் கேட்டது. அந்தக் கணத்தில் பல்லக்காவின் திரை உறைந்தது. இருண்டது. விளையாட்டு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. எத்தனை முறை தட்டியும் அன்று முழுவதும் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கூப்பிட்டாள். குரல் நடுங்கியது.

"நல்லா இருங்க அண்ணி. நீங்களுமா? எழுதியே காட்டிடுச்சு. இனிமே நான் வர மாட்டேன்."

"ஏய், என்னடி ஆச்சு? எது எழுதிக் காட்டிச்சு?"

போன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. ஒரு விளையாட்டுக்காக இத்தனை கோபமா என்று பல்லக்காவுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷம் வந்த வேகத்தில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது கட்டிலில் நாத்தனார் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, பேருந்துக்கு நின்ற ஒரு மாலை, பல்லக்காவின் போனில் செய்தி மின்னியது. ஏழுகோட்டைக்காரர்கள்! 'தவறு எங்களுடையது. தரையைச் சரிசெய்துவிட்டோம். தாடியைச் சரிசெய்துவிட்டோம். எங்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவீர்களா?'

தலைக்கு மேலே அந்தத் தேன்குரல், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. பல்லக்காவின் கண் கலங்கியது. முகம் தெரியாத கம்பெனிக்காரன் வெட்கத்தை விட்டு வந்து நிற்கிறான். எனக்கென்ன கேடு? இவளும் இந்தச் செய்தியைப் பார்த்திருப்பாள். இவளும் வருவாள். அங்கேயாவது பார்ப்பேன்.

அன்றே விளையாட்டை மறுபடி இறக்கினாள். உள்ளே போனால், கண்கொள்ளாக் காட்சி! அரசரும் தாடியும் ஒன்றாக வந்தார்கள். வாளி வாளாகியிருந்தது. திரையில் ஒரு கேள்வி வந்தது: 'உங்கள் பெயர் தவறாக வெட்டப்பட்டது. இப்போது முழுப்பெயரைத் திரும்பப் பெற விருப்பமா?'

பல்லக்காவின் விரல் 'ஆம்' என்பதற்கு மேலே போய் நின்றது. குதிரைவீராங்கனை! எத்தனை நாள் கனவு! ஆனால் அவள் வந்தால் யாரைத் தேடுவாள்? குதிரையைத்தானே தேடுவாள்?

'இல்லை' என்று அழுத்தினாள். குதிரையாகவே நின்றாள்.

விளையாட்டில் வரும் சத்திரத்து வாசலில் தினமும் நின்றாள். யார் யாரோ வந்தார்கள், இடிமு வரவில்லை. தனியாக நிற்கிறவர்களைக் கோட்டைக்குள் விடமாட்டார்கள், ஜோடி வேண்டும். கடைசியில் கணவர் இரக்கப்பட்டு ஒரு வேடம் பூண்டார். தனக்கு 'அப்பாவி' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, எதிரி வர்றான், அடிங்க!"

"இரு. இந்த ஓடு பாரு, எவ்வளவு சுத்தமா சேர்த்திருக்கான். இடைவெளியே தெரியலை. திருந்திட்டான்யா!"

"அவன் உங்க தலையை எடுக்கப் போறான்!"

"எடுக்கட்டும். மூலைக்கு எப்படி வெட்டியிருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

இப்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக் கூடத்திலும் இவள் படுக்கையறையிலுமாக ஆடிக்கொண்டிருந்தபோது, பல்லக்காவின் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. அவள் வயரைத் தேடிக்கொண்டிருக்கையில் கதவருகே நிழல் விழுந்தது. கணவர். முகம் வெளுத்திருந்தது. கையில் போன்.

"நான் அப்படி என்ன குறை வச்சேன்?" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"ஓடு பார்த்தது தப்புதான். அதுக்காக இப்படியா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு..."

"ஐயோ, சொல்லிட்டு அழுங்க!"

அவர் போனை நீட்டினார். திரையின் நடுவே, கொட்டை எழுத்தில், சுற்றிலும் கறுப்புக் கட்டம் கட்டி எழுதியிருந்தது: 'குதிரை உங்களைக் கைவிட்டார்.'

பல்லக்கா வாய் பிளந்தாள், அவள் அலமாரித் தாடைகளைப் போலவே. இணைப்பு அறுந்துபோனது என்று சொல்ல வேண்டிய இடத்தில், எந்தப் புண்ணியவானோ இப்படி மொழிபெயர்த்து வைத்திருக்கிறான்! தரையைத் திருத்தினார்கள், தாடியைத் திருத்தினார்கள், வாளியைத் திருத்தினார்கள். இந்த ஒரு சொல்லைத் திருத்தவில்லை! உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, இதையா அன்று நாத்தனாரிடம் காட்டினார்கள்? அதுவும் அண்ணியின் பெயரைப் போட்டு?

"என்னங்க, சட்டையை மாட்டுங்க. உங்க போனையும் எடுத்துக்கோங்க."

"எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு!"

போகிற வழியெல்லாம் கையடக்க பேட்டரியில் தன் போனுக்கு உயிரூட்டி, குதிரையை மறுபடி விளையாட்டுக்குள் நுழைத்துக்கொண்டே போனாள். பேருந்து நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கண்ணாடி அறையில் விசாரிக்கிறவர்களுக்காக அரைவட்டமாக ஒரு துவாரம் இருந்தது. பல்லக்கா குனிந்து அதற்குள் வாயை வைத்தாள். உள்ளே நாத்தனார் நிமிர்ந்தாள். ஒரு கணம் அவள் உதடு துடித்தது. உடனே உத்தியோக முகத்தை மாட்டிக்கொண்டாள்.

"என்ன விசாரணை?"

"டிராகன் குகைக்கு வண்டி இருக்கா?"

"என்னது?"

"அங்க என் நாத்தனார் தனியா நிக்கிறா. ரெண்டு வருஷமா நிக்கிறா. கூட்டிட்டு வரணும்."

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. நிலையம் முழுவதும் ஒலிபெருக்கிகள் முழங்கின. மூட்டை தூக்கியவர்கள் மூட்டையோடு நின்றார்கள். ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார், "டிராகன் குகை எந்த பிளாட்பாரம் தம்பி? புது ரூட்டா?"

"விட்டுட்டுப் போனவங்க இப்ப எதுக்கு வர்றீங்க?" நாத்தனாரின் குரல் ஊரெங்கும் உடைந்தது. "புகை விட்டுக்கிட்டு அது என் மேல பாயுது. திரும்பிப் பார்த்தா நீங்க இல்லை. அடுத்தவங்க சொன்னா நான் தாங்கிக்குவேன் அண்ணி. உங்க பேரைப் போட்டு அந்த வார்த்தையை..."

நான்காவது நடைமேடையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பல்லக்கா கணவரின் போனைத் துவாரத்துக்குள் தள்ளினாள். அதில் அப்பாவியும் குதிரையும் கோட்டை வாசலில் நின்றிருந்தார்கள்.

"இதையே பாரு. கண்ணை எடுக்காதே."

தன் போனைக் கண்ணாடிக்கு நேரே உயர்த்திப் பிடித்து, இணைப்பைத் துண்டித்தாள்.

நாத்தனாருக்கு எதைப் பார்த்தாலும் மைக்கில் படித்துப் பழக்கம். உத்தியோக தோஷம். "குதிரை... உங்களைக்... கைவிட்டார்" என்று கணீரென்று படித்தாள். நிலையம் முழுக்கத் திடுக்கிட்டது.

படித்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"கைவிட்டார்னு போட்டிருக்கு. ஆனா நீங்க இங்கயே நிக்கிறீங்க."

"இங்கயேதான்டி நிக்கிறேன். அன்னைக்கும் வெளியே நின்னு கதவைத் தட்டிக்கிட்டேதான் இருந்தேன். அவங்க திறக்கலை."

"அப்ப அது..."

"லைன் போச்சுன்னா அப்படிப் போடுறான், படுபாவி. உங்க அண்ணனுக்கும் போட்டான். அவரும் அழுதார்."

"அழலை" என்றார் கணவர், கண்ணைத் துடைத்தபடி.

நாத்தனார் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை திரும்பவும் சிரிப்பாகி, விக்கலில் போய் முடிந்தது. ஒலிபெருக்கிகள் எல்லாம் விக்கின. அறையின் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. புறப்படும் நேரம் தாண்டி நின்ற ஒரு பேருந்தின் ஓட்டுநர் மட்டும் ஹாரனை விடாமல் அடித்தார்.

"அம்மா, குதிரையை அப்புறம் பார்த்துக்கலாம், என் வண்டியை முதல்ல சொல்லுங்க!"

நாத்தனார் பதறி உள்ளே ஓடினாள். அப்போதுதான் சிவப்பு விளக்கு அவள் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டியை அறிவித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் கொடுத்த அந்தத் தேன்குரலில் சொன்னாள்:

"குதிரையின் கனிவான கவனத்திற்கு. இன்று மாலை இடிமு வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவார். கட்டிலில் இடம் வைத்திருக்கவும்."

அந்தப் பெரியவர் கணவரை நெருங்கி மெல்லக் கேட்டார், "குதிரை எங்க தம்பி நிக்குது? தெரியவே இல்லையே."

கணவர் பெருமையோடு மனைவியைக் காட்டினார்.

"அப்ப நீங்க?"

"அப்பாவி" என்றார்.

பெரியவர் பல்லக்காவை ஒருமுறையும் கணவரை ஒருமுறையும் பார்த்தார். "தெரியுது தம்பி" என்று சிரித்தார். சிரித்தபோது தெரிந்த மேல்வரிசைப் பற்களைப் பல்லக்கா அடையாளம் கண்டுகொண்டாள். அவள் செய்ததுதான். கடி சரியாகத்தான் இருந்தது.