பெட்டியை நிறுத்தும் முன்

எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்தபோது அதற்கும் முறை வைத்தவர் அப்பா. முறை என்றால் கிணற்று முறை. மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லைக்கும் பெரியப்பாவின் கரும்புக் கொல்லைக்கும் நடுவில் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. ஒருவர் முறையில் இன்னொருவர் மோட்டாரில் கை வைத்தால் அன்றைக்கே ஊர் கூடிவிடும். அப்பாவும் பெரியப்பாவும் அப்படி ஒருநாளும் வைத்ததில்லை.

வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அதனால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு போதும் என்று பெரியப்பாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள். பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே பலகையில் உட்கார்ந்தது. அன்று சாயங்காலமே அப்பா காலண்டரின் ஓரத்தில் பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே முறையையும் எழுதிவிட்டார்.

காலையில் என் முறை. நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அம்மாவின் சீரியலும் அண்ணியின் தையல் வீடியோவும். நாலு மணிக்கு மேல் பெரியப்பா வீடு. ஏழிலிருந்து எட்டு வரை குவைத் முறை. குவைத்தில் டிரைவராக இருக்கும் என் அண்ணன் வீடியோவில் வருகிற நேரம் அது. அந்த ஒரு மணி நேரம் இரண்டு வீட்டிலும் வேறு யாரும் வைஃபையைத் திறக்கக்கூடாது.

"தண்ணி மாதிரி இல்லப்பா இது. எல்லாரும் ஒண்ணா பார்க்கலாம்" என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

"அப்பறம் ஏன் நீ பேசறப்ப அந்த வட்டம் சுத்திக்கினே நிக்குது? பின்னாடி வூட்ல ஜாஸ்தியா இழுக்கறாங்க, இங்க கம்மியாவுது. இது தண்ணி இல்லன்னா வேற இன்னா?"

இன்ஜினியரிங் படித்த என்னை எட்டாவது வரை படித்தவர் மடக்கிவிட்டார் என்று அம்மா ஒரு வாரம் சிரித்தாள். அவர் சொன்னதில் பாதி சரி என்று எனக்கும் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது மெலிந்த இணைப்பு. ஐந்தாறு போன்கள் சேர்ந்து வீடியோ திறந்தால் திணறிவிடும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மோட்டாரை நிறுத்தும் முன் அப்பா மோட்டார்க் கொட்டகை வாசலில் நின்று, கடைசிப் பாத்தியில் மடை திருப்பிக்கொண்டிருப்பவருக்குக் கேட்கும்படி, "நிறுத்தட்டா?" என்று கத்துவார். அங்கிருந்து, "நிறுத்திக்கோ" என்று குரல் வந்தால்தான் சுவிட்சைத் தொடுவார். கேட்காமல் நிறுத்தினால் கடைசிப் பாத்தி காய்ந்தே கிடக்கும். அடுத்த முறை வருகிறவரை அதற்குத் தண்ணீர் இல்லை. தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியை அணைக்கும்போதும் அதே கதைதான். கூடத்தின் நடுவில் நின்று, "நிறுத்தட்டா?" என்பார். பெரியப்பா வீட்டிலிருந்து சுவர் தாண்டிப் பதில் வரும். அம்மா சொல்வாள். அண்ணி சொல்வாள். ஒருநாள் நான் காதில் இயர்போன் மாட்டியிருந்தேன். என் பதில் வரவில்லை என்று மனிதர் சுவிட்சில் கையை வைத்தபடி பத்து நிமிடம் நின்றிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. "நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே" என்றேன். அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

அந்த அப்பாதான் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொல்லையிலிருந்து வந்தார். கள்ளக்குறிச்சிக்குக் காரில் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அவர் தலை என் மடியில் இருந்தது. உயிர் இல்லை.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். வெகுநேரம் அவன் அழுகை மட்டும் கேட்டது. பிறகு அவனே பேசினான்.

"பாப்பா, மொதலாளிகிட்ட கையெழுத்து வாங்கி டிக்கெட் போட மூணு நாளு ஆவும்னு சொல்றாங்க. அப்பாவ அத்தினி நாளு ஐஸ் பொட்டியில போட்டு வெக்க வேணாம். நாளைக்கே எடுத்துடுங்க. நீ எனக்குக் காட்டிக்கினே இரு, அது போதும்."

"காட்றேண்ணா. நான் இருக்கறேன் இல்ல."

"வாய்க்கரிசி போடறப்ப சொல்லு. நானும் இங்க கையில அரிசி வெச்சிக்கினு நிக்கறேன். நீ போடறப்ப நானும் போட்டுடறேன்."

பொதுவாக எங்கள் பக்கம் ஆண்கள் சுடுகாட்டில்தான் வாய்க்கரிசி போடுவார்கள். பெண்கள் வீட்டிலேயே போட்டுவிடுவோம். சுடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே எந்த போனிலும் ஒரு கோடுகூட ஏறாது. எங்கள் தெருவிலேயே கோடி வரை நடந்தால்தான் சிக்னல். வைஃபை எட்டுவது வாசல் பந்தல் வரைக்கும். அதனால் அண்ணனுக்கு அப்பாவைப் பார்க்க இருந்தது அந்தப் பந்தல் மட்டும்தான். கொள்ளி வைக்கப் பெரியப்பா மகன் இருந்தார். முகம் பார்ப்பதும் அரிசி போடுவதுமாவது தனக்கு வேண்டும் என்று அண்ணன் கேட்டான். அதை என் பொறுப்பில் விட்டான்.

மறுநாள் காலையிலிருந்தே போனை அப்பாவின் தலைமாட்டில் ஒரு நாற்காலிமேல் நிறுத்தி வைத்தேன். பன்னிரண்டு மணி வரை குறையில்லை. குவைத்தில் தன் அறையில் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான் அண்ணன். அவனைப் பார்த்து அம்மா அழுவாள். அம்மாவைப் பார்த்து அவன் அழுவான். வந்தவர்களில் சிலர் போனைப் பார்த்துக் கையும் கூப்பினார்கள்.

பிறகு சனம் பெருத்தது. களமருதூரிலிருந்து அம்மா வழிச் சொந்தங்கள் இரண்டு வேனில் வந்தார்கள். மலையடிவாரத்திலிருந்து அண்ணியின் வீட்டார் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சிக்னல் இல்லை. வர முடியாதவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் கூடத்துக் காலண்டரைப் பார்த்தார். அப்பாவின் கொட்டை எழுத்து எல்லோருக்கும் கண்ணில் பட்டது. ஒருவர் சவூதியில் இருக்கும் மகனுக்கு வீடியோ காட்டினார். இன்னொருவர் பெங்களூரில் இருக்கும் மருமகளுக்கு. சும்மா உட்கார முடியாதவர்கள் பந்தலில் சும்மா எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். இருபத்தெட்டுப் போன்கள்.

அண்ணனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் விட்டு விட்டு வந்தது. "தெரியல பாப்பா... அப்பா தெரியல..."

நான் யாரிடமாவது போய், கொஞ்சம் வைஃபையை மூடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் அது எப்படி வாயில் வரும்? வந்தவர்களை வா என்றே கேட்காத வீடு அது. போகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு. தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாத இடத்தில், இதை மட்டும் எப்படி இல்லை என்பது? இப்போது யோசித்தால் அவ்வளவும் சாக்கு என்று தெரிகிறது. ஒரே ஒரு வார்த்தை பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால், "எம் புள்ள பார்க்கறான், எல்லாரும் மூடுங்கடா" என்று அவர் ஒரு அதட்டலில் முடித்திருப்பார். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. அழுது அழுது மூளை மரத்துப்போயிருந்தது.

பந்தலில் அப்பாவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியப்பா அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பறைச்சத்தம் காதை அடைத்தது. கையிலிருந்த போனில் அண்ணனின் படம் அப்படியே உறைந்து நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கை மேலே தூக்கியபடி.

இணைப்பு கொடுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. "எதுனா தகராறு பண்ணா ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாப் பூடும்." கூடத்துக்கு ஓடினேன். பலகையை எட்டிப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினேன். எல்லா விளக்கும் அணைந்தது. மறுபடி போட்டேன்.

அணைந்த பெட்டி உயிர் பெற எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். மூன்று நிமிடம், சில நாள் நான்கு. அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது சிவப்பாகவே மினுக்கிக்கொண்டிருந்தது. வெளியே, "வாய்க்கரிசி போடறவங்க வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மாவின் அலறல் கேட்டது. என் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நான் பெட்டியின் முன்னால் நின்று, எரி, எரி என்று அந்த விளக்கைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அது பச்சையானபோது பறைச்சத்தம் நகர ஆரம்பித்திருந்தது. போன் கையில் அதிர்ந்தது. அண்ணன். எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பந்தலில் பாடை இருந்த இடத்தில் நசுங்கிய செவ்வந்தியும் சிந்திய அரிசியும்தான் கிடந்தன. வாசலைத் தாண்டிப் பெண்கள் போகக்கூடாது என்று என் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். தெருத் திருப்பத்தில் பாடையின் பின்பக்கம் தெரிந்து மறைந்தது. அதைத்தான் அவனுக்குக் காட்டினேன்.

படம் இப்போது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தான். வலது கை மூடியிருந்தது. விரல் இடுக்கில் அரிசி தெரிந்தது.

"இன்னா ஆச்சு பாப்பா? அப்பா எங்க?"

"கரண்ட் போச்சுண்ணா" என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொன்னதல்ல. அவன் தன் மூடிய கையைப் பார்த்தான். பிறகு, "கரண்ட் போனா நீ இன்னா பண்ணுவ, அழுவாத" என்று என்னைத் தேற்றினான். அப்பாவைப் பார்க்காதவன் என்னைத் தேற்றினான். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. நானும் வாய்க்கரிசி போடவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பெட்டியை யாரும் அணைக்கவே இல்லை. இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. முறையும் போய்விட்டது. ஏழு மணிக்குப் பெரியப்பா வீட்டில் பாட்டு ஓடும், எங்கள் படத்தில் வட்டம் சுற்றும். யாரும் யாரையும் கேட்பதில்லை. காலண்டர் மட்டும் வருடம் முடிந்தும் மாறாமல் தொங்கியது.

முதல் வருடத் திதிக்குத்தான் லீவு கிடைத்து அண்ணன் வந்தான். பையைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். அதில் ஒரு பிடி அரிசி. லேசாக மஞ்சளேறிப் போயிருந்தது. "எங்க போடறதுன்னு தெரியல. அப்படியே வெச்சிருந்தேன்" என்றான். மறுநாள் காலை அதை ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனான். அவன் வாசல் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை.

படையல் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவனே பேச்சை எடுத்தான். "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அந்த நேரம் பாத்துத்தான் கரண்ட் போச்சு" என்றான். அன்று பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், மின்விசிறிகள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமாண்டா" என்றார். "பாழாப்போன கரண்ட்டு."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே நான் உடைத்துச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார். அதனால்தான் இன்னும் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் கூடத்தில் எழுந்து நின்றான். பலகையிலிருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சுவிட்சில் கையை வைத்து, அப்பா கேட்கிற அதே சத்தத்தில், "நிறுத்தட்டா?" என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நிறுத்திக்கோ" என்று பெரியப்பாவின் குரல் வந்தது. தாமதமாகத்தான் வந்தது. அம்மா சொன்னாள். அண்ணி சொன்னாள். நான் உள் அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு இந்தப் பெட்டியை நான் நிறுத்தியபோது கடைசிப் பாத்தியில் நின்றிருந்தவன் இவன். கையில் அரிசியோடு நின்றிருந்தான். அவனை நான் கேட்கவில்லை.

"பாப்பா, நிறுத்தட்டா?" என்றான் மறுபடியும்.

அண்ணன் அவசரப்படவில்லை. என் பதில் வரட்டும் என்று சுவிட்சில் கையை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தான்.