ஐஸ் கீறிய கடப்பைக்கல்

அந்த ஐஸ் பாரை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தப்பு ஐஸின் மேல் இல்லை என்று தெரிந்தும்தான்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பனியாறு பாடம் வந்தால் எனக்கே சிரிப்பு வரும். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்க்காத பிள்ளைகளிடம், அதே மாதிரி எதையும் பார்க்காத நான், மலையிலிருந்து ஐஸ் மெல்ல நகரும், அடியில் கவ்விய கல்லாலும் மணலாலும் பாறையைக் கீறிக் கோடு போடும், உருகும் இடத்தில் சுமந்து வந்ததையெல்லாம் வரப்புப் போலக் குவித்துவிடும் என்று அளந்துவிடுவேன். வீட்டில் அண்ணனிடமும் சொன்னேன். அவன் தரைக்குக் கல் பாவுகிறவன். கல் என்று காதில் விழுந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான். ஐஸா கல்லைக் கீறும் என்று இரண்டு தடவை கேட்டு, அப்புறம் நம்பினான்.

செக்காலைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில், கல்யாணத்துக்காக உள்கூடம் முழுக்க அவன் கருப்புக் கடப்பைக்கல் பாவி, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியிருந்தான். பங்காளி வீடுகளுக்கும் அவனையே கூப்பிடுவதாகப் பேச்சு. அந்த வீட்டு ஐயாதான் எங்கள் பள்ளிக்கூடத்துச் செயலாளர். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கல்யாணத்தன்று சர்பத்துக்கு வந்த பாளம் பாளமான ஐஸ் பார்களை மாட்டுவண்டியிலிருந்து தெருச் சரளையில் தள்ளினார்கள். கயிறு கட்டி, கூடத்தின் குறுக்கே பின்கட்டுக்கு இழுத்துப் போனார்கள். அடியில் ஒட்டிய சரளை நரநரவென்றது. பின்கட்டில் ஐஸ் உருகிய இடத்தில் அதைப் பொதிந்து வந்த உமி, கூழாங்கல், சாணி, யாரோ துப்பிய வெற்றிலைச் சக்கை எல்லாம் ஒரு வளைந்த வரப்பாக ஒதுங்கிக் கிடந்தது. ஈ மொய்த்தது. ஆகா, நம் பாடம் என்று நின்று ரசித்தேன். அந்த ஐஸையே உடைத்துப் போட்ட சர்பத்தையும், வேண்டாமென்றால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன். வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே திசையில் வெள்ளைக் கோடுகள். வீட்டு ஆச்சி முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மட்டக் கல்லாப் போட்டு ஏமாத்திப்புட்டியே" என்றார்.

"இல்லீங்க ஆச்சி, ஐஸை இழுத்தாகள்ல, அதுதான் கீறிருக்கு. எந்தங்கச்சியக் கேளுங்க. பள்ளிக்கூடத்துல பாடமே நடத்துது."

ஆச்சி சிரித்துவிட்டார். ஊஞ்சலில் இருந்த ஐயா என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவுக. சொல்லுங்க டீச்சர், ஐஸ் கல்லைக் கீறுமா?"

அண்ணன் என்னையே பார்த்தான். அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"வெறும் ஐஸ் கீறாதுங்க" என்றேன்.

பொய் இல்லை. அடியில் கல் ஒட்டியிருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்ற மீதிதான் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டேன். ஐயா தலையாட்டினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். என்னைப் போல ஒரு அற்பப் பிறவியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்தத் தெருவில் அவனை அப்புறம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. என் வேலை அந்த வருஷமே நிரந்தரமானது.

அன்று திரும்பி வரும்போது பாதி வழியில் அவன் சொன்னான்: "நீ சொன்னதுதான் சரி. வெறும் ஐஸ் கீறாது, அடியில இருக்க கல்லுதான் கீறும்னு அன்னைக்கே சொன்ன. எனக்குத்தான் வெவரமா எடுத்துச் சொல்லத் தெரியல."

ஆமாம் என்றேன்.