பெருகிருச்சு

மிளகு பறிக்க மரத்தில் ஏறிய என் வீட்டுக்காரர் ஏணியோடு கீழே வந்தார். தலையில் அடி, வலது கை முறிவு. பாச்சலூரிலிருந்து ஜீப்பில் போட்டு மலையிறங்கினோம். தலை என் மடியில் கிடந்தது. ஒரு வளைவில் வண்டி தூக்கிப்போட, வலி தாங்காமல் இடது கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தார். அகப்பட்டது என் தாலிக்கயிறு. தாலி எந்தப் பள்ளத்தில் தெறித்ததோ, நிறுத்தித் தேட நேரமில்லை.

பழனி ஆஸ்பத்திரியில், தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, நாலு மணிக்கு ஆபரேஷன் என்றார்கள்.

"மூணரைக்கு உள்ள வந்து பாருங்க. ரொம்பப் பயப்படுறாரு, தைரியம் சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

தைரியமா! மூளிக் கழுத்தோடு போய் நின்றா? மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் காய்ச்சல் வந்தாலே "நான் போயிருவேன் புள்ள" என்கிற மனுஷன் அவர். கிழங்கைப் பார்த்தால் அத்தோடு மனசை விட்டுவிடுவார். அதே மாதிரித் தாலி வேண்டும், மூன்றரைக்குள் வேண்டும். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைவீதிக்கு ஓடினேன்.

முதலில் கண்ணில் பட்ட நகைக்கடையில் ஏறினேன். வயதான பாய் ஒருவர் இருந்தார்.

"இரட்டைப் பொட்டுத் தாலி ஒண்ணு குடுங்க. வெரசா."

"என்ன விசேசம்மா?"

"பெருகிருச்சுங்க."

அறுந்தது என்று எங்கள் பக்கம் எந்தப் பொம்பளையும் சொல்ல மாட்டாள். கயிறு இற்றாலும் பெருகிருச்சு, தொலைந்தாலும் பெருகிருச்சுதான். பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. புதுப்பெண்ணுக்குப் பவளமும் குண்டும் சேர்த்துத் தாலி பெருக்கிப் போடும் விசேஷம் என்று நினைத்துவிட்டார்.

"மகளுக்குப் பெருக்குறீங்களா! சந்தோசம். மாப்பிள்ள எந்த ஊரு?"

பவளம், குண்டு, காசு, மாங்காய் என்று தட்டுத் தட்டாகப் பரப்பினார். இந்தக் காசு மெலிசு, அந்தக் குண்டு எடுப்பாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"தாலி மட்டும் போதும் பாய்."

"ஒத்தையா எப்பிடிம்மா? பொண்ணு ஆசப்படுமில்ல?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அறுந்துபோச்சு பாய்! என் தாலி அறுந்துபோச்சு! அவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு!"

பக்கத்தில் கம்மல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பொம்பளைகளும் தங்கள் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. அடிப்பாவி, சொல்லித் தொலைத்துவிட்டேனே! அந்த வார்த்தை எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது போலப் பதறினேன்.

பாய் தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரட்டைப் பொட்டை எடுத்து வைத்தார். "பெருகிருச்சுன்னே சொல்லும்மா. ஒண்ணும் ஆகாது" என்றார். காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அதற்கு ஈடாகக் கொடுத்தேன். மஞ்சள் கயிற்றில் அவரே கோத்துத் தந்தார்.

ஆஸ்பத்திரிக் கக்கூஸில் நின்று நானே கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்புறம் காதைப் பார்த்தார்.

"தோடு எங்க?"

முந்தானையை இழுத்துக் காதை மறைத்தேன்.

"ஜீப்புல நான்தான இழுத்தேன். கனாவுன்னு நெனச்சேன். அறுந்துருச்சா?"

"பெருகிருச்சு" என்றேன். அழக் கூடாது என்று வந்தவள், அழுதுவிட்டேன்.

"நீயா கட்டிக்கிட்டே? அத அவுத்துரு. திரும்பு."

ஒரு நுனியை நான் பிடித்துக்கொள்ள, இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு தடவித் தடவி ஒரு முடிச்சுப் போட்டார். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

"மிச்சம் ரெண்டும் வந்து போடுறேன் புள்ள."

கதவு மூடியது. "கழண்டு விழுந்துரும், முடிஞ்சுக்கங்கம்மா" என்றாள் நர்ஸ். முடியவே மாட்டேன் என்றேன். நுனிகளைச் சேர்த்து ஒரு ஊக்குக் குத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு நாள் அவருக்கு நினைவில்லை. எட்டு நாளும், நான் கடையில் கத்திய வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து என்னை வெகு நேரம் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"திரும்பு" என்றார்.