நின்றுபோன தூரம்

மருத்துவக் கல்லூரியில் மாதம் ஒருமுறை கதை வகுப்பு நடத்த என்னைக் கூப்பிடுகிறார்கள். கதை படித்தால், நோயாளி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் மாணவர்களுக்கு வருமாம். ரொம்ப சந்தோஷம். இந்த யோசனை எழுபதுகளிலேயே யாருக்காவது வந்திருந்தால் என் அத்தை பிழைத்திருப்பாளோ என்னவோ.

அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் போனபிறகு அடி அண்ணாமலையில் எங்களோடு இருந்தாள். கழனி வேலையில் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். ஒருநாள் டவுனுக்கு டாக்டரிடம் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். தம்பியிடம் சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை, அம்மாவுக்கோ கைக்குழந்தை. எனக்கு எட்டு வயது. ஒன்றும் புரியாது என்பதுதான் என் தகுதி.

டாக்டர் சின்ன வயதுக்காரர். தமிழர்தான், ஆனால் வடக்கே எங்கோ பிறந்து வளர்ந்து படித்தவர். தமிழை இங்கே வந்துதான் தேற்றிக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷன். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது அதனால்தான்.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தூரம் நின்னு போயிருந்தது டாக்டர். இப்ப திரும்பி வந்துட்டிருக்கு. ஜாஸ்தியா இருக்கு."

எங்கள் பக்கத்தில் மாதவிலக்குக்குத் தூரம் என்று பேர். ஆம்பிளை டாக்டரிடம் இதற்குமேல் எப்படி உடைத்துச் சொல்வது? அவருக்குத் தெரிந்த தூரமோ ஒன்றுதான். பாவம், பஸ்ஸில் அத்தனை தூரம் நின்றுகொண்டே வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"தூரம் ஜாஸ்திதாம்மா. நிக்காதீங்க, உக்காருங்க," என்றார். "கால் வலிக்குதா?"

"காலு, இடுப்பு எல்லாம் வலிக்குது."

கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மியா இருக்கு. ரெஸ்ட் எடுக்கணும்," என்றார். காலுக்குத் தைலமும் ரத்தத்துக்கு டானிக்கும் எழுதிக்கொடுத்தார். அத்தைக்கு முகமெல்லாம் நிம்மதி. வாய்விட்டுச் சொல்லக் கூசியதை அவரே ரத்தம் என்று சொல்லிவிட்டாரே.

தூரம் நின்று வருஷங்கள் ஆன பெண்ணுக்குத் திரும்ப ரத்தம் போனால் அது எதன் அறிகுறி என்று அந்த டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது. படித்திருப்பார். இங்கிலீஷில் படித்திருப்பார்.

அத்தை டானிக்கைத் தவறாமல் குடித்தாள். இளைத்துக்கொண்டே போனாள். வேலூருக்குப் போய்க் காட்டலாம் என்று அம்மா நச்சரித்தபோதெல்லாம் அத்தையிடம் ஒரே பதில்தான்: "அதான் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" கடைசியில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். தை பிறப்பதற்குள் போய்விட்டாள்.

வேலூருக்குப் போவதற்கு முந்தைய ஒரு நாள்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கழனியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய சமயம். அத்தை எழுந்து நடமாடுவதை விட்டிருந்தாள். படுத்தபடியே, முதல் மல்லாட்டை டாக்டருக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அம்மாவை வேகவைக்கச் சொல்லி ஒரு பை நிறையக் கட்டவைத்தாள். அப்பா என்னை சைக்கிளில் கூட்டிப்போனார். டாக்டர் முன்னால் நிற்க அவருக்குக் கூச்சம். என்னை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"அத்தைக்குக் கால் வலி எப்படி இருக்கு?"

"கால் வலிக்கலியாம் டாக்டர். படுத்துட்டேதான் இருக்காங்க."

"வெரி குட்," என்றார். "ரெஸ்ட் எடுக்கச் சொன்னேன்ல? அப்படியே இருக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அப்படியே ஒப்பித்தேன். ஞாபகமாக விசாரித்தாரே என்று அவளுக்கு ஒரே பெருமை. இவ்வளவு பெரிய டாக்டர் எதற்குப் போயும் போயும் காலைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு மட்டும் கொஞ்சம் விளங்கவில்லை. பெரியவர்கள் சமாச்சாரம், அவர்களுக்குள் பேசிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று விளையாடப் போய்விட்டேன்.