மெண்டியாங் செல்வராஜ் கோப்பை

ரயிலுக்கு நேரமிருக்கிறதே என்று டெல்லி ஆர்.கே.புரத்தில் பேட்மின்டன் இறுதியாட்டம் பார்க்கிறேன். ஜெயித்த மேரி மேடையேறியும் கோப்பையை வாங்காமல் கைகட்டி நிற்கிறாள். இறந்துபோன அவள் அப்பா பெயரில் தரும் கோப்பை அது.

"ஏங்க வாங்க மாட்டேங்கிறா?" என்கிறேன், பக்கத்திலிருக்கும் அவள் அம்மாவிடம். அவர் இந்தோனேசியாக்காரர், கணவரிடம் தமிழ் கற்றவர்.

"எங்க ஊர்ல இறந்தவங்க பேரை வெறுமனே சொல்றது மரியாதையில்லைங்க. முன்னாடி 'மெண்டியாங்' சேர்க்கணும், நீங்க 'அமரர்'னு போடற மாதிரி. போன வருஷம் கேட்டோம், 'அச்சா, அச்சா'ன்னு விட்டுட்டாங்க. ஜெயிச்சுட்டுக் கேக்கறேம்மான்னா."

மேரி அறிவிப்பாளரின் காதில் ஏதோ சொல்கிறாள். அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"மெண்டியாங் செல்வராஜ் கோப்பை!"

கோப்பை அவள் தலைக்குமேல் உயர்கிறது. அரங்கமே அந்தப் பெயரை முழங்குகிறது. தோற்ற பெண்ணின் குரல்தான் எல்லாவற்றையும் மீறிக் கேட்கிறது.