கார் சீட்டுக்குள் கருவாடு

போன வருடம் நோன்புப் பெருநாளுக்குக் கற்பிட்டிக்கு வந்துவிட்டு டோஹாவுக்குத் திரும்பிய நாளில் நடந்தது இது. கணவரின் லீவு முன்பே முடிந்துவிட்டது. அதனால் ஐந்து, மூன்று, ஒன்று என்று வயதுள்ள மூன்று பிள்ளைகளையும், அவர்களுடைய மூன்று கார் சீட்டுகளையும் நான் தனியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பெட்டிகளெல்லாம் நிறை கூடிவிட்டன. பிள்ளைகளின் கார் சீட்டுக்கு மட்டும் நிறை பார்க்க மாட்டார்கள். கணவருக்கு ஆசையான கட்டாக் கருவாட்டைப் பொதி பொதியாகப் பொலித்தீனில் சுற்றி, சின்னவனின் சீட்டு மெத்தைக்கு அடியில் வைத்தேன். சாமான்களோடு கீழே போகப்போகும் சீட்டுத்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் டிக்கெட் பார்த்த பெண் நல்லவள். அதுதான் வினை. என் கோலத்தைப் பார்த்து இரங்கி, விமானத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, சின்னவனை மடியில் வைத்துக் கஷ்டப்படாமல் அவனுடைய சீட்டை உள்ளே கொண்டுபோங்கள் என்றாள். வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் சொல்வது? ஸ்கேன் பார்த்த அதிகாரியும் திரையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி விட்டுவிட்டார்.

விமானத்தில் சின்னவனை அந்தச் சீட்டில் இருத்தி வாரைப் பூட்டினேன். பொலித்தீன் எங்கேயோ கிழிந்திருக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் வாசம் கிளம்பிவிட்டது. முன்னால் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உம்மா, தம்பி கருவாடு மாதிரி மணக்குறான்!" என்று பெரியவள் ஊருக்கே கேட்கச் சொன்னாள். நடுப்பிள்ளை வாந்தி எடுத்தாள். சின்னவன் வீறிட்டு அழத் தொடங்கினான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். ஏசப்போகிறார் என்றே நினைத்தேன்.

"தங்கச்சி, கட்டாக் கருவாடுதானே? கற்பிட்டிப் பக்கமா?"

"ஓம் நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன், தலையைத் தூக்காமல்.

"நான் நுரைச்சோலை, பக்கத்து ஊர்தான். புள்ளையத் தாங்க, நீங்க மகளப் பாருங்க."

சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். அவன் தூங்கிய பிறகும் தரவில்லை. தன் இடத்தில் இருந்துகொண்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பாவம், கை வலிக்குமே, தாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. எங்கட மகனுக்கும் இந்த வயசுதான். விடியக்காலைல தூங்குறவன எழுப்பாம விட்டுட்டு வந்தேன்," என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

விமானம் இறங்கும் நேரம் அவரே சின்னவனைச் சீட்டில் வைத்து, வாரைப் பூட்டி, நெற்றியில் முத்தம் கொடுத்தார். வெளியே வந்ததும் ஒரு பொதிக் கருவாட்டை அவரிடம் நீட்டினேன். மோந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

எத்தனை தரம் கழுவியும் அந்தச் சீட்டில் வாசம் போகவில்லை. தூக்கி எறியச் சொல்கிறார், கருவாட்டை ருசித்துச் சாப்பிட்ட என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளை அந்த நானாவின் நெஞ்சில் தூங்கிய நேரத்தில், விழித்தெழுந்து வாப்பாவைத் தேடிய அவருடைய பிள்ளையையும் யாராவது தூக்கி வைத்திருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன்.